‘சிமுலேஷன்’: சொல்லும் பொருளும் தமிழாக்கமும்

1. முன்னுரை

அறிவியல், பொறியியல், மருத்துவம், மேலாண்மை, கல்வி முதலிய துறைகளில் இன்று மிகுதியாக வழங்கும் ஆங்கிலச் சொற்களுள் ‘சிமுலேஷன்’ என்பதும் ஒன்றாகும். தமிழில் இதற்கு ஈடாகப் பாவனை, உருவகப்படுத்துதல், ஒப்புருவாக்கம், போலச்செய்தல் எனப் பல சொற்கள் ஆளப்பட்டு வருகின்றன. ஒரு கருத்துக்குப் பல சொற்கள் இருப்பது தன்னளவில் குறையன்று. ஆனால், ஒவ்வொரு சொல்லும் படிப்பவர் மனத்தில் வெவ்வேறு கருத்தைத் தூண்டுமாயின், ஒரே அறிவியற் செய்தி நான்கு வகையாகப் புரிந்துகொள்ளப்படும். வெள்ளம், புயல், நோய்ப்பரவல் ஆகியன பற்றிய செய்திகள் இச்சொல்லின் வழியாகவே பொதுமக்களை வந்தடைகின்றன என்பதை நோக்க, இது சொல்லாக்க வல்லுநர்க்கு மட்டுமே உரிய சிக்கல் அன்று.

இச்சொல்லின் பொருள் வரலாற்றையும், இன்றைய ஆட்சியையும், தமிழ் ஈடுகளின் பொருத்தப்பாட்டையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒப்புமை என்பது மட்டும் இச்சொல்லின் உயிர்ப்பொருள் அன்று. வினையால் ஒத்தலும், வேறுபாட்டை மறையாது வைத்தலும் சேர்ந்ததே அதன் இன்றைய பொருள் என்பது இங்கு நிறுவப்படுகிறது.

2. சொற்பிறப்பும் பழம்பொருளும்

‘சிமுலேஷன்’ என்பது இலத்தீன் மொழியின் ‘சிமுலாரே’ என்னும் வினையடியிலிருந்து பிறந்தது. ‘ஒத்ததாகச் செய்தல்’ என்பது அவ்வினையின் அடிப்படைப் பொருள். ‘ஒத்த’ எனப் பொருள்படும் ‘சிமிலிஸ்’ என்னும் பெயரடை அதற்கு மூலம். ‘சிமிலர்’, ‘ஃபாக்சிமிலி’ முதலிய ஆங்கிலச் சொற்களும் அக்குடும்பத்தைச் சேர்ந்தவை. இந்தோ-ஐரோப்பிய மொழிக்குடும்பத்தில் ‘ஒன்று, ஒருங்கே’ எனப் பொருள்படும் மூலவேர் ஒன்றிலிருந்து இலத்தீன் ‘சிமிலிஸ்’, ஆங்கில ‘சேம்’, வடமொழிச் ‘சம’ ஆகிய மூன்றும் கிளைத்தன என்பர். ஆதலின், வடமொழி வழியாகத் தமிழில் வந்து வழங்கும் ‘சமம்’ என்னும் சொல் ‘சிமுலேஷன்’ என்பதற்குத் தொலைவுறவு உடையதாகும்.

ஒத்ததாகச் செய்தல் என்னும் நடுநிலைப் பொருள் இலத்தீன் மொழியிலேயே ‘பாசாங்கு செய்தல்’ என்னும் இழிபொருளுக்கு இடம்கொடுத்துவிட்டது. ரோமானியச் சட்டத்தில், வெளியே ஓர் ஒப்பந்தத்தைக் காட்டி உள்ளே வேறொன்றை நடத்தும் செயலுக்கு இச்சொல்லின் வடிவங்களே ஆளப்பட்டன. பிரான்சு, இத்தாலி முதலிய நாடுகளின் உரிமையியற் சட்டத்தில் இப்பொருள் இன்றும் நிலைபெற்றுள்ளது. ஆங்கிலத்துள் 14ஆம் நூற்றாண்டளவில் இச்சொல் புகுந்தபோதும் பொய்த்தோற்றம் என்னும் பொருளிலேயே புகுந்தது. பிரான்சிஸ் பேக்கன் தம் கட்டுரைத் தொகுதியின் 1625ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘சிமுலேஷன்’, ‘டிசிமுலேஷன்’ என்னும் இரண்டையும் ஒருங்கு வைத்து ஆராய்ந்துள்ளார். இல்லாததை இருப்பதாகக் காட்டுதல் முன்னது. இருப்பதை இல்லாததாக மறைத்தல் பின்னது.

ஒப்புமைப் பொருள் ஏமாற்றுப் பொருளாகத் திரிவது இலத்தீன் மொழிக்கே உரிய தனித்தன்மை அன்று. தமிழில் ‘ஏய்ப்ப’ என்பது உவம உருபுகளுள் ஒன்று. ‘ஏய்த்தல்’ என்பதற்கு ஒத்தல் என்னும் பொருள் இலக்கிய வழக்கில் உண்டு. இன்றைய பேச்சு வழக்கிலோ, ‘ஏய்த்துவிட்டான்’ என்றால் ஏமாற்றிவிட்டான் என்பதே பொருள். இவை ஒரே சொல்லின் இரு பொருள்களா, ஒலியால் ஒத்த இரு சொற்களா என்பது தனியே ஆராயத்தக்கது. எனினும், இவ்விரு பொருள்களும் ஒரே ஒலிவடிவில் நிற்பது கருதத்தக்கது.

‘போலி’ என்னும் சொல்லின் வரலாறு இதனினும் தெளிவானது. இலக்கண நூலார் போலி என்றது குறைச்சொல்லாக அன்று. மயல் – மையல், அமச்சு – அமைச்சு, பந்தல் – பந்தர் என, பொருள் மாறாமல் ஓர் எழுத்துக்கு மற்றோர் எழுத்து நிற்பதையே முதற்போலி, இடைப்போலி, கடைப்போலி என்றனர். ஒன்றன் இடத்தில் நின்று அதன் பணியைச் செய்வது போலி. இன்றோ போலி மருத்துவர், போலிச் சான்றிதழ், போலி நகை என இழிபொருளிலன்றி இச்சொல் வழங்குவது அரிது. நடுநிலைப் பொருளினின்று இழிபொருளுக்குச் சென்றது ‘போலி’. இழிபொருளினின்று நடுநிலைப் பொருளுக்கு மீண்டது ‘சிமுலேஷன்’. அம்மீட்சி எவ்வாறு நிகழ்ந்தது என்பதை இனிக் காண்போம்.

3. பொருள் மாற்றம்

இம்மாற்றம் பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிகழ்ந்தது. அதற்கு முன்னரே செயல் இருந்தது. சொல் வேறாக இருந்தது. அமெரிக்கரான எட்வின் லிங்க் 1929இல், இசைக்கருவியாகிய ஆர்கனில் பயன்படும் காற்றுத்துருத்திகளைக் கொண்டு, தரையிலிருந்தவாறே விமானம் ஓட்டப் பயிலும் பொறியொன்றை அமைத்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமானிகளுக்குப் பயிற்சியளிக்க அது பெரிதும் பயன்பட்டது. ஆயினும், அது ‘லிங்க் டிரெய்னர்’, அதாவது பயிற்சிப்பொறி என்றே அழைக்கப்பட்டது.

போரின் முடிவில் மின்னணுக் கணிப்பொறி வந்தது. அணுக்கருப் பொருளினுள் நியூட்ரான்கள் பரவும் முறையைச் சமன்பாடுகளால் நேரடியாகத் தீர்ப்பது கடினமாக இருந்தது. ஒவ்வொரு நியூட்ரானும் எங்கே மோதும், எத்திசையில் திரும்பும் என்பதைத் தற்செயல் எண்களைக் கொண்டு படிப்படியாக நடத்திப் பார்க்கும் முறையை ஸ்தானிஸ்லாவ் உலாம், ஜான் ஃபான் நாய்மன் ஆகியோர் 1946–47ஆம் ஆண்டுகளில் வகுத்தனர். ‘மான்டி கார்லோ முறை’ என்னும் பெயரில் மெட்ரோபோலிஸ், உலாம் ஆகிய இருவர் எழுதிய கட்டுரை 1949இல் வெளிவந்தது. இவ்வாறு நடத்திப் பார்க்கும் செயல்களுக்கு ‘சிமுலேஷன்’ என்னும் பெயர் பரவலாயிற்று. 1960களில் நார்வே நாட்டில் டால், நிகோர் என்னும் இருவர் உருவாக்கிய கணிப்பொறி மொழிக்கு ‘சிமுலா’ என்றே பெயரிடும் அளவிற்கு இப்பொருள் வேரூன்றியது.

பழம்பொருளிலும் புதுப்பொருளிலும் ஒத்ததாகச் செய்தல் என்னும் கூறு பொதுவாக உள்ளது. வேறுபாடுகள் இரண்டு. முதலாவது, பாசாங்கில் ஒப்புமை காண்போர் கண்ணுக்காக அமைவது. அறிவியலில் அது விதிகளால் அமைவது. இரண்டாவது, பாசாங்கு தான் பாசாங்கென்பதை மறைக்கும். அறிவியல் முறை தான் மெய்நிகழ்ச்சி அன்று என்பதை அறிவித்துக்கொண்டே தொடங்கும். ஏமாற்றும் கருத்து நீங்கியதால் சொல் தூய்மை பெற்றது எனலாம்.

எனினும், பழம்பொருள் மறைந்துவிடவில்லை. கால்பந்து ஆட்டத்தில் எதிரணியினர் தடுக்கி வீழ்த்தியதுபோல் நடித்து நடுவரை ஏமாற்றும் செயலுக்கு ஆட்டவிதிகள் ‘சிமுலேஷன்’ என்றே பெயரிடுகின்றன. அது எச்சரிக்கைக்குரிய குற்றம் என்பது 1999இல் விதிகளில் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டது. இல்லாத நோயை இருப்பதாக நடித்தலுக்கும் இச்சொல் ஆளப்படுவதுண்டு. பிரெஞ்சு அறிஞர் ழான் போத்ரியார் 1981இல் வெளியிட்ட நூலில், மூலமே இல்லாத படிகள் மெய்ம்மையின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் சமூகநிலையைக் குறிக்க இச்சொல்லைக் கையாண்டார். ஆகவே, ஒரு தொடரில் இச்சொல்லைக் கண்டதும், அங்கே வேறுபாடு அறிவிக்கப்பட்டுள்ளதா மறைக்கப்பட்டுள்ளதா என்று கேட்பதே பொருள் தெளியும் வழியாகும்.

4. அண்டைச் சொற்களும் பொருள் எல்லையும்

ஒரு சொல்லின் பொருளை வரையறுக்க அதன் அண்டைச் சொற்களோடு வைத்து நோக்குதல் வேண்டும். இங்குத் தொல்காப்பியர் உவமவியலில் காட்டும் பாகுபாடு பெரிதும் துணைசெய்கிறது. ஒப்புமை தோன்றும் அடிப்படைகளை அவர் மெய், உரு, வினை, பயன் என நான்காகக் கண்டார். மெய் என்பது வடிவு என்றும், உரு என்பது நிறம் என்றும் உரையாசிரியர் விளக்குவர். செய்யுளுக்கென வகுத்த இப்பாகுபாடு இன்றைய கலைச்சொற்களைப் பிரித்தறியவும் பயன்படுவது வியப்பிற்குரியது.

மாதிரி (மாடல்) என்பது பெரும்பாலும் மெய், உரு ஆகியவற்றால் ஒத்திருக்கலாம். சமன்பாடுகளின் தொகுதியாகவும் இருக்கலாம். எவ்வாறாயினும் அது ஓர் அமைப்பு. அவ்வமைப்பைக் காலத்தில் இயங்கவிடுவதே சிமுலேஷன். இது வினையால் ஒத்தல். புணேயை அடுத்த கடக்வாஸ்லாவில் அமைந்துள்ள, 1916இல் தொடங்கப்பெற்ற நடுவண் நீர், மின் ஆராய்ச்சி நிலையத்தில் அணைகள், ஆறுகள், துறைமுகங்கள் ஆகியவற்றின் சிற்றளவு அமைப்புகளைக் கட்டி ஆராய்வது மரபு. அவ்வாறு கட்டிய அணை வெறுமனே நிற்கும்வரை மாதிரி. அதில் நீரைத் திறந்து வெள்ளத்தை ஓடவிடும்போது அங்கு நிகழ்வது சிமுலேஷன். இதற்குக் கணிப்பொறி இன்றியமையாதது அன்று என்பதும் இதனால் விளங்கும்.

இவ்வெடுத்துக்காட்டு மற்றோர் உண்மையையும் காட்டுகிறது. புவியீர்ப்பால் ஓடும் நீரை ஆராயும் இத்தகைய மாதிரி, நீள அளவில் நூற்றில் ஒரு பங்காக அமைந்தால், காலம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். மெய்யான ஆற்றில் ஒரு மணி நேரம் நிகழும் வெள்ளம் மாதிரியில் ஆறு நிமிடத்தில் நடந்து முடியும். நீரின் பரப்பு இழுவிசையோ இவ்வாறு சுருங்குவதில்லை. எதில் ஒப்புமை உண்டு, எதில் இல்லை என்பதைக் கணக்கிட்டுச் சொன்னாலன்றி அச்சோதனைக்கு மதிப்பில்லை. வேறுபாட்டை அறிவித்தல் என்பது நாகரிகத்திற்காகச் செய்யும் எச்சரிக்கை அன்று. அது செயல்முறையின் ஓர் உறுப்பு.

‘எமுலேஷன்’ என்பது கணிப்பொறித் துறையில் இதனோடு அடிக்கடி மயங்கும் சொல். ‘போட்டியிட்டு நிகராதல்’ என்பது அதன் இலத்தீன் மூலத்தின் பொருள். பழைய கணிப்பொறிக்கென எழுதிய நிரலைப் புதிய கணிப்பொறியில் அப்படியே இயக்கித் தரும் மென்பொருள் ‘எமுலேட்டர்’ எனப்படும். இங்கு வேண்டுவது மூலத்தின் இடத்தில் நின்று அதன் பணியை முடித்தல். ஆதலின் இது பயனால் ஒத்தல். விமான ‘சிமுலேட்டர்’ ஒருவரையும் ஊர் சேர்ப்பதில்லை. அது பறத்தலின் வினையை மட்டுமே ஒத்தது.

பெயரடையாக வரும்போது இச்சொல் தான் தழுவும் பெயரின் பொருளையே மறுத்துவிடுகிறது. ‘சிமுலேட்டட்’ வைரம் வைரம் அன்று. அது கண்ணாடியாகவோ வேறு கல்லாகவோ இருக்கும். ஆய்வுக்கூடத்தில் கரிமத்திலிருந்து ஆக்கப்பட்ட செயற்கை வைரமோ வைரமே. போலி வைரம், செயற்கை வைரம் எனத் தமிழில் இவை தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. அவ்வாறே, கணிப்பொறியினுள் பெய்யும் மழை ஒருவரையும் நனைப்பதில்லை.

ஆனால், இவ்விதிக்கு விலக்கு உண்டு. கணிப்பொறி செய்யும் கூட்டல் கூட்டலே. அது ஆடும் சதுரங்கமும் சதுரங்கமே. எவற்றின் இயல்பு முழுவதும் வினையிலேயே அடங்கியுள்ளதோ, அவற்றில் வினையொப்புமை மெய்யாகவே ஆகிவிடுகிறது. சிந்தனை மழையைப் போன்றதா, கூட்டலைப் போன்றதா என்பதே ஆலன் டியூரிங் 1950இல் எழுதிய கட்டுரை முதல், ஜான் சேர்ல் 1980இல் எழுதிய மறுப்பு வழியாக, இன்றுவரை தொடரும் விவாதத்தின் மையம். அதற்கு விடை கூறுவது மொழியியலின் வேலையன்று. வினாவைத் தெளிவாகக் கேட்கும் சொல்லைத் தருவது அதன் வேலை.

5. தமிழ் ஈடுகளின் பொருத்தப்பாடு

பாவனை: இது வடமொழிச் சொல், உண்டாக்குதல், மனத்தில் அமைத்தல் என்பன அதன் மூலப்பொருள்கள். விடந்தீர்ப்பவன் தன்னைக் கருடனாகவே எண்ணும் கருட பாவனையைச் சைவ சித்தாந்த நூல்கள் உவமையாகக் காட்டுகின்றன. அங்கே பாவிப்பவன் பாவிக்கப்படும் பொருளோடு ஒன்றிவிடுதலே குறிக்கோள். அறிவியல் வேண்டுவது ஒன்றுதலை அன்று. மேலும், தமிழக வழக்கில் பாவனை என்பதற்கு நடிப்பு என்னும் சாயல் உண்டு. இலங்கைத் தமிழிலோ பாவனை என்பது பயன்பாடு. பாவனையாளர் என்பவர் நுகர்வோர். ‘பாவனை மென்பொருள்’ என்றால் ஒரு கரையில் நடிக்கும் மென்பொருள் எனவும் மறுகரையில் பயன்பாட்டு மென்பொருள் எனவும் பொருள்படும். கடலின் இருபுறத்தும் படிக்கப்பெறும் அறிவியற்றமிழுக்கு இது ஏற்றதன்று.

உருவகப்படுத்துதல்: பாடநூல்களில் இது பெருவழக்காக உள்ளது. ஆனால், அணியிலக்கணத்தில் உருவகம் என்பது உவமைக்கும் பொருளுக்கும் உள்ள வேற்றுமையை நீக்கி ஒன்றாக்குவது. ‘மதிமுகம்’ என்பது உவமை. ‘முகமதி’ என்பது உருவகம். உவமையில் ‘போல’ என்பது வெளிப்படையாகவோ தொக்கோ நிற்கும்; உருவகத்தில் அதற்கு இடமில்லை. வேறுபாட்டை அறிவிப்பதையே உயிராகக் கொண்ட ஒரு முறைக்கு, வேறுபாட்டை அழிக்கும் அணியின் பெயரை இடுவது முரணாகும்.

ஒப்புருவாக்கம்: உருவகத்தைவிட இது நன்று, ‘ஒப்பு’ என்பது வேறுபாட்டைக் காக்கிறது. எனினும், ‘உருவாக்கம்’ என்னும் பகுதி அமைப்பைக் குறிக்கிறதேயன்றி இயக்கத்தைக் குறிக்கவில்லை. மாதிரி அமைத்தலுக்கும் இதற்கும் வேறுபாடு தோன்றாமற் போகிறது.

போலச்செய்தல்: ‘போல’ என்னும் உருபும் ‘செய்தல்’ என்னும் வினையும் இதில் உள்ளன. பொருளளவில் இதுவே மிக நெருங்கியது. ஆனால், இலக்கியத் திறனாய்விலும் உளவியலிலும் பிறர் செயலைப் பின்பற்றிச் செய்வதைக் குறிக்க இது ஆளப்படுகிறது. குழந்தை தாயைப் பார்த்துப் போலச்செய்கிறது. அங்கே விதிகளை வகுத்து இயக்கிப் பார்த்தல் இல்லை.

இவற்றை எண்ணி, ‘ஒப்புநிகழ்த்தல்’ என்னும் சொல்லை அறிவியற் பொருளுக்கு மட்டும் பரிந்துரைக்கலாம். ‘ஒப்பு’ வேறுபாட்டை நிறுத்துகிறது. ‘நிகழ்த்தல்’ காலத்தில் இயங்குவதைக் காட்டுகிறது. இதிலிருந்து தேவையான சொற்கள் எளிதில் கிளைக்கின்றன: ஒருமுறை இயக்கிப் பெறுவது ஒப்புநிகழ்வு, கருவி ஒப்புநிகழ்த்தி, வினை ஒப்புநிகழ்த்து. தற்செயல் எண்களைக் கொண்டு ஒரே மாதிரியை ஆயிரம் முறை இயக்கும் துறையில், ‘ஆயிரம் ஒப்புநிகழ்வுகள்’ என எண்ணக்கூடிய பெயர்ச்சொல் இன்றியமையாதது. உருவகப்படுத்துதல் என்பதை இவ்வாறு எண்ணுதல் இயலாது.

இதற்கும் தடை கூறுவார் உளர். பேச்சு வழக்கில் ‘ஒப்புக்குச் செய்தான்’ என்றால் கடமைக்காகச் செய்தான் என்பது பொருள். ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்பதும் ஆட்டத்தில் பெயரளவிற்குச் சேர்க்கப்பட்டவரையே குறிக்கும். ஆயினும், அப்பொருள் நான்காம் வேற்றுமை ஏற்ற வடிவிலேயே வழங்குகிறது. தொகைச்சொல்லின் முன்னுறுப்பாக வரும்போது ஒப்புமைப் பொருளே முந்துகிறது.

பிற பொருள்களுக்கு வழக்கிலுள்ள சொற்களே போதும். பேரிடர்க்காலப் பயிற்சிக்கு ஒத்திகை. ஆட்டக்களத்திலும் நோய் நடிப்பிலும் பாசாங்கு. ஒப்பந்தத்திற்கும் கல்லுக்கும் போலி. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு எங்கும் ஒரே தமிழ்ச்சொல் வேண்டும் என்பது சொல்லாக்கத்தில் நேரும் பெரும்பிழை. ஒரு கருத்துக்கு ஒரு சொல் வேண்டும் என்பதே நெறி.

6. தொடரமைப்பு

சொல் சரியாக அமைந்தாலும் தொடர் தவறினால் பயனில்லை. ஒப்புநிகழ்த்தலின் முடிவு எப்போதும் நிபந்தனைக் கூற்று. 2020 மார்ச் 16 அன்று இலண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வுக்குழுவினர் வெளியிட்ட அறிக்கையில், கொரோனா நோய்க்கு எத்தடுப்பு நடவடிக்கையும் எடுக்கப்படாமலும் மக்கள் தம் நடத்தையை மாற்றிக்கொள்ளாமலும் இருந்தால், பிரிட்டனில் ஏறத்தாழ 5,10,000 பேர் இறக்கக்கூடும் என்று கூறப்பட்டிருந்தது. சில நாள்களிலேயே அங்குக் கடும் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. இறப்பு அவ்வெண்ணை எட்டாததைக் காட்டிக் கணிப்பு பொய்த்தது என்று பின்னர்ப் பலர் கூறினர். நிபந்தனை நிறைவேறாதபோது விளைவு நிகழாமை அக்கூற்றைப் பொய்யாக்காது. ‘இருந்தால்’ என்னும் எச்சம் செய்தி பரவும் வழியில் உதிர்ந்துவிட்டதே குழப்பத்தின் ஒரு காரணம்.

தமிழில் எழுதுவோர் இரண்டு செய்திகளைக் கருத்திற் கொள்ளுதல் நலம். ஒன்று, ‘-ஆல்’ ஈற்று நிபந்தனை எச்சத்தை ஒருபோதும் நீக்கலாகாது. ‘24 மணி நேரத்தில் 30 சென்டிமீட்டர் மழை பெய்தால் நீர் இவ்வூரை எட்டும்’ என்பதும் ‘நீர் இவ்வூரை எட்டும்’ என்பதும் ஒன்றல்ல. முன்னதைப் படிப்பவர் மழையைக் கவனிப்பார். பின்னதைப் படிப்பவர் ஊரைவிட்டு ஓடுவார், அல்லது அடுத்தமுறை நம்பமாட்டார். மற்றொன்று, முடிக்கும் வினையைத் தேர்தல். ‘கண்டறியப்பட்டுள்ளது’ என்னும் வினை, கண்டது உண்மை என்பதை முன்கோளாகக் கொண்டது. தவறானதைக் ‘கண்டறிந்தார்’ எனல் இயலாது. அளந்தறிந்த செய்திக்கு அது பொருந்தும், ஒப்புநிகழ்த்தலுக்குப் பொருந்தாது. ‘ஒப்புநிகழ்த்தலில் இவ்வாறு கிடைக்கிறது’, ‘தெரிகிறது’ என்பன போன்ற முடிபுகளே உரியவை.

7. முடிவுரை

ஒத்ததாகச் செய்தல் என்னும் பொருளில் பிறந்து, பாசாங்கு என்னும் பொருளில் நெடுங்காலம் வழங்கி, இருபதாம் நூற்றாண்டில் அறிவியல் முறையொன்றின் பெயராக உயர்ந்தது ‘சிமுலேஷன்’. வினையால் ஒத்தலும் வேறுபாட்டை அறிவித்தலும் அதனை ஏமாற்றினின்று பிரிக்கும் இரு கூறுகள். இவ்விரண்டையும் தாங்காத தமிழ்ச்சொல் எத்துணைப் பழக்கமானதாயினும் மறுஆய்வுக்கு உரியது. இங்குப் பரிந்துரைத்த சொல் நிலைபெறுமா என்பதை ஆசிரியர்களும் இதழாளர்களும் மாணவர்களுமே முடிவுசெய்வர். எச்சொல் நிலைபெற்றாலும், உவமையைக் காத்து உருவகத்தை விலக்கும் சொல்லாக அது அமைதல் வேண்டும். ‘போல’ என்பதை மறந்தால், மாதிரியை மெய்யென்று கொண்டு முடிவெடுப்போம்.